வண்டியை உயர்த்தினீர்களா? சில்லையும் பார்த்து விடுங்கள்!

கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வாகனச் செலவு என்றால் டீசல்தான் நினைவுக்கு வரும். டயர் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தவன் நான். ஒரு சோடி முன் டயரை ஐந்து மாதத்தில் இழந்து, அதற்காக என்னிடம் வேலை செய்யும் ஒருவருடைய சம்பளத்திலும் கை வைத்த பிறகுதான் இந்த விடயத்தைக் கேட்டறிய நேர்ந்தது. கெப் வண்டியோ லொறியோ வைத்து வியாபாரம் செய்யும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கல்முனைப் பக்கம் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்கிறேன். சீமெந்து, குழாய், தண்ணீர்ப் பம்பு போன்றவற்றைச் சம்மாந்துறைக்கு அப்பாலுள்ள வயல் பகுதிகள் வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். பிரதான வீதிகள் இப்போது நன்றாகத்தான் இருக்கின்றன. வாய்க்கால் ஓரத்துக் கிறவல் பாதைகள்தான் பெரும்போக மழையில் குளமாகி விடும். வண்டியின் வயிற்றுப் பகுதி மண்ணில் தட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் நம்மில் பலர் பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினோம். என்னுடையதும் அப்படித் தப்பி வந்த ஒரு பழைய டபுள் கெப். புதியது வாங்க வசதியில்லை. இருப்பதை இரண்டு அங்குலம் உயர்த்தினால் போதும் என்று நினைத்தேன்.

முன்பக்கம் உயர்த்துவது என் வண்டியில் மிகவும் இலேசான வேலை. அது டோர்ஷன் பார் வகை. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளமான ஓர் இரும்புக் கம்பி முறுக்கிய நிலையில் பாரத்தைத் தாங்கும். அதன் முனையிலுள்ள போல்ட்டை இறுக்கினால் முறுக்கு ஏறி வண்டி எழும்பும். சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. அரை மணி நேர வேலை. பின்பக்கத்துக்கு ஸ்பிரிங் பிளேட்டின் ஷெகலை நீளமானதாக மாற்றினார்கள். பின்னேரம் வண்டி கம்பீரமாக நின்றது. கராஜில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அலைன்மென்ட் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் சாரதித் தம்பி சொன்னார்: "காக்கா, ஸ்டியரிங் இலேசாகிப் போச்சு. வண்டி நம்மட கையில நிக்குதில்ல, இடது பக்கம் ஓடப் பாக்குது."

வீதி இடது பக்கம் சரிந்துதானே இருக்கிறது என்று பதில் சொன்னேன். அது பொய்யுமல்ல. மழைநீர் வடிவதற்காக வீதியின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும்; இடது பக்கம் ஓடும் நமது நாட்டில் வண்டிகள் இலேசாக இடப்புறம் சாய்வது இயல்பு. ஆனால் அவர் சொன்னது அந்த இலேசான சாய்வை அல்ல. எட்டாயிரம் கிலோமீற்றர் கூட ஓடாத நிலையில் ஒரு நாள் முன் டயரொன்றில் காற்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் உட்புற விளிம்பில் கம்பி தெரிந்தது. மற்றதும் அதே நிலை. வெளிப்புற விளிம்போ புதிது போல இருந்தது. தினமும் கடை வாசலில் நின்று நான் பார்த்ததெல்லாம் அந்த வெளிப்புறத்தைத்தான்.

வேகமாக ஓடி, திடீரென்று பிரேக் பிடித்துத்தான் டயரை அழித்துவிட்டார் என்று தம்பியைக் குற்றம் சாட்டினேன். டயர் விலையில் பாதியை மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பதென்று முடிவு செய்தேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்தேன்.

மூன்றாவது மாதம், காரைதீவு – அம்பாறை வீதியில் மழைக்குள் 15 சீமெந்துப் பைகளுடன் போய்க் கொண்டிருந்தபோது ஒரு மாட்டுக்காக பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி இடப்புறம் இழுத்து வீதியை விட்டு இறங்கி, வயல் வரம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை என்பதைக் கண்ணால் கண்டேன். மறுநாளே நாலு சில்லையும் கணினியில் அளக்கும் ஓரிடத்துக்கு வண்டியைக் கொண்டு போனோம்.

அங்கு வேலை செய்த மனிதர் பொறுமைசாலி. அளவுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். விளங்கிய அளவில் சொல்கிறேன்.

சில்லின் நிலையில் மூன்று அளவுகள் முக்கியம். முதலாவது டோ. நாம் நிற்கும்போது பாதங்களின் பெருவிரல்கள் உட்புறம் திரும்பியோ வெளிப்புறம் விரிந்தோ இருப்பது போல, இரண்டு முன் சில்லுகளும் மேலிருந்து பார்க்கையில் எப்படித் திரும்பி நிற்கின்றன என்பது. இரண்டாவது கெம்பர். முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றுச் சரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சரிவினால்தான் சைக்கிள் நேராக ஓடுகிறது. வண்டியின் முன் சில்லும் அப்படி ஒரு சரிந்த அச்சில்தான் திரும்புகிறது. வளைவு எடுத்து முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் காஸ்டர்தான்.

வண்டியை உயர்த்தும்போது சில்லைப் பிடித்திருக்கும் மேல் கை, கீழ்க் கை இரண்டும் கீழ்நோக்கிச் சரிகின்றன. அவை ஒரே நீளமுள்ளவை அல்ல. ஆகவே சில்லின் தலையும் பாதமும் ஒரே அளவில் நகராது, கெம்பர் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது அந்தந்த வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. காஸ்டர் பெரும்பாலான கெப் வண்டிகளில் குறைந்து விடும். ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகும் டை ரொட்டும் சரிவதால் டோவும் மாறும்.

என் வண்டியில் மூன்றுமே கெட்டிருந்தன. காஸ்டர் இடப்புறம் ஒரு பாகைக்கும் கீழே. வலப்புறம் அதைவிட அரைப் பாகை கூட. காஸ்டர் குறைந்த பக்கம் நோக்கி வண்டி இழுக்கும் என்றார். தம்பி சொன்ன "இடது பக்கம் ஓடுது" என்பதன் பொருள் அதுதான். டோ வெளிப்புறமாக மொத்தம் 7 மில்லிமீற்றர் விரிந்திருந்தது.

ஏழு மில்லிமீற்றர்தானே என்று நானும் கேட்டேன். அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். டயரின் விட்டம் சுமார் 700 மி.மீ. அதில் 7 மி.மீ. விரிவு என்றால் நூற்றுக்கு ஒன்று. இரு சில்லுகளுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றும் இருநூற்றுக்கு ஒன்று கோணலாக நிற்கிறது. அதாவது ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு முன் டயரும் 5 மீற்றர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு 40 கிலோமீற்றர்! கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை டயரைக் குறுக்காக வைத்துத் தாரில் உரசிக்கொண்டு போனது போல. டயர் ஏன் தாங்கவில்லை என்று அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தத் தாளைத் தம்பியும் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். அன்று பின்னேரம் கழித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "பரவால்ல காக்கா" என்றார். எனக்குத்தான் பரவாயில்லாமல் இல்லை.

இனி, இந்த வேலையைச் செய்விக்கும்போது கவனிக்க வேண்டியவை. உயரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். அலைன்மென்ட் செய்துவிட்டு இன்னும் அரை அங்குலம் ஏற்றுவோம் என்று போல்ட்டை முறுக்கினால் கொடுத்த காசு வீண். இடம் வலம் இரு பக்க உயரத்தையும் அளவு நாடாவால் அளந்து சமப்படுத்த வேண்டும். பிறகு பால் ஜொயின்ட், டை ரொட் முனை, புஷ், சில்லு பெயாரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டமுள்ள வண்டியில் எந்த அளவும் நிற்காது. என் வண்டியில் ஒரு கீழ் பால் ஜொயின்ட் ஆடியது; அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். காசு பறிக்கப் பார்க்கிறார் என்று முதலில் சந்தேகப்பட்டேன். மறுக்காமல் செய்து கொடுப்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று பிறகு விளங்கியது. டயர்க் காற்றும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

சரிசெய்யும் ஒழுங்கும் முக்கியம். காஸ்டரும் கெம்பரும் முதலில், டோ கடைசியில். முதல் இரண்டையும் தொட்டால் டோ தானாக மாறும் என்பதே காரணம். சில இடங்களில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பி விடுவார்கள். உயர்த்தாத வண்டிக்கு அது பல வேளைகளில் போதுமாக இருக்கலாம், உயர்த்திய வண்டிக்குப் போதாது. காஸ்டரை அளந்தார்களா என்று கண்டுபிடிக்க நமக்கொரு சுலபமான வழி உண்டு. முன் சில்லுகள் சுழல் தட்டின் மேல் நிற்க, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பித்தான் காஸ்டரை அளப்பார்கள். ஒரு தடவையும் திருப்பவில்லையென்றால் அளக்கவில்லை.

வேலைக்கு முந்திய அளவும் பிந்திய அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டைப் போல அதுவும் நமது உரிமை. அதில் இடது, வலது கெம்பருக்கும் காஸ்டருக்கும் இடையில் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சில வண்டிகளில் கீழ்க் கையின் போல்ட்டில் முட்டை வடிவத் தட்டு இருக்கும். அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். டோர்ஷன் பார் வண்டிகள் பலவற்றில் மேல் கையின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரிசெய்வார்கள். இரண்டுக்கும் ஓர் அளவுதான் இடமிருக்கும். இரண்டு அங்குலத்தை நெருங்கும்போதே பல கெப் வண்டிகளில் அந்த இடம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு கோணத்தில் செய்யப்பட்ட மேல் கைகளை வாங்கிப் பொருத்த வேண்டும். என் வண்டியில் தகடுகளை எப்படி மாற்றியும் கெம்பரும் காஸ்டரும் ஒன்றாகச் சரிவரவில்லை. கடைசியில் முன்பக்கத்தை முக்கால் அங்குலம் இறக்கிய பிறகுதான் எல்லா அளவும் பச்சை நிறத்துக்கு வந்தன. இப்போது வண்டி ஒன்றேகால் அங்குலம்தான் உயர்ந்து நிற்கிறது. வாய்க்கால் பாதைக்கு அது போதும். முதலிலேயே அவ்வளவோடு நின்றிருந்தால் போதுமாயிருந்தது!

லொறி வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்றவற்றில் முன்பக்கம் ஒரே எக்ஸலும் ஸ்பிரிங் பிளேட்டுமாக இருக்கும் வகைகள் நம்மிடம் நிறைய ஓடுகின்றன. இவற்றில் கெம்பர் எக்ஸலோடு நிலையானது. இரு சில்லுகளையும் இணைக்கும் டை ரொட்டும் எக்ஸலோடு சேர்ந்தே இருப்பதால் உயர்த்தினாலும் டோ பெரிதாக மாறாது. ஆனால் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் ரொட்டின் சரிவு மாறுவதால் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும். காஸ்டரும் மாறும். அதற்கு எக்ஸலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். பழைய பாஸ்மார் நூல் பிடித்து டோ பார்ப்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். ஒரே எக்ஸல் லொறிக்கு, கை பழகியவர் செய்தால் அது நல்ல முறைதான். கைகள் தனித்தனியாக ஆடும் கெப் வண்டிக்குத்தான் நூல் போதாது.

நம்மவர்கள் அதிகம் செய்வது வேறொன்று. பாரம் ஏற்றும்போது பின்பக்கம் தாழ்கிறது என்று பின் ஸ்பிரிங்குக்கு மட்டும் மேலதிக பிளேட் போடுவது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் 3 மீற்றர் இடைவெளியுள்ள வண்டியில் பின்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. உயர்த்தினால் வண்டி ஏறக்குறைய ஒரு பாகை முன்னால் கவிழ்ந்து நிற்கும். முன் சில்லின் காஸ்டரில் அந்த ஒரு பாகை அப்படியே குறையும். வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது ஸ்டியரிங் மிதப்பது போலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின் எக்ஸலைக் கழற்றிப் பூட்டும்போது அது கொஞ்சம் கோணலாக அமர்ந்துவிட்டால் வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். அதனால்தான் முன் இரண்டை மட்டுமன்றி நாலு சில்லையும் அளக்கச் சொல்ல வேண்டும்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. பல கெப் வண்டிகளிலும் சிறிய லொறிகளிலும் பின் எக்ஸலோடு இணைத்த ஒரு வால்வு இருக்கும். பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெறுமையாக உயர்ந்து நின்றால் குறைக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் பாரம் ஏற்றிய வண்டியையும் வெறும் வண்டி என்றே அது எண்ணிக்கொள்ளும். அன்று மழையில் எங்கள் பின் பிரேக் அரைகுறையாகப் பிடித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். வால்வின் கம்பியைச் சரிசெய்து கொடுத்தார்கள். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, நாலு சில்லும் இழுக்கும் வண்டியென்றால் முன் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா, முன் விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்பவற்றையும் அதே நாளில் பார்த்து விடலாம். வாகனத்தில் மாற்றம் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

சாரதிமாருக்கு நான் இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பி, முன் டயரின் உட்புற விளிம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். டயரின் பூக்கள் மீது உள்ளங்கையைக் குறுக்காகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது அரிவாள் பல் போலவும் இருந்தால் டோ பிழை. ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்தால் கெம்பரையும் பார்க்க வேண்டும். இரு விளிம்புகளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

செலவைச் சொல்வதென்றால், அலைன்மென்ட்டுக்கு நான் கொடுத்தது ஒரு டயரின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. வண்டியை உயர்த்த விலை கேட்கும்போதே அலைன்மென்ட்டையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு தடவைக்குச் சேர்த்துக் கேளுங்கள். புதிய ஸ்பிரிங்கும் முறுக்கிய டோர்ஷன் பாரும் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு கொஞ்சம் அமர்ந்துவிடும். எங்கள் வண்டி ஆயிரம் கிலோமீற்றர் ஓடி முடித்ததும் திரும்பக் கொண்டு போனோம். இடப்புறம் 6 மி.மீ. தாழ்ந்திருந்தது; டோவும் சற்று மாறியிருந்தது. அந்த முறை வண்டியைக் கொண்டு போகும் நாளை நினைவுபடுத்தியவர் தம்பிதான். அளவுத் தாளையும் அவரே வாங்கி, மடித்து, வண்டிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.